அட்டிகை யாருக்கு?

வணக்கம் சார்,

ஒரே பிள்ளைக்கு இரண்டு பெண்கள் உரிமை கேட்க, சாலமோன் ராஜா அதை இரண்டாக வெட்டச் சொல்லி, பதறி விட்டுக்கொடுத்தவளே தாய் என்று தீர்ப்புச் சொன்ன கதையைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். “பொய் சொன்ன பெண் கொஞ்சம் சூதுவாது தெரிந்தவளாக இருந்தால் ராஜா திண்டாடியிருப்பார், கேம் தியரியில் (ஒருவர் முடிவு மற்றவர் முடிவைப் பொறுத்திருக்கும் நிலைமைகளை ஆராயும் கணிதத்தில்) இதற்கு வழி இருக்கிறது” என்று ஒரு வரியோடு நிறுத்திவிட்டீர்கள். அது என்ன வழி? கேட்கக் காரணம் உண்டு. பாட்டியின் கல் அட்டிகைக்கு என் இரண்டு அத்தைகளும் சண்டை. “அம்மா எனக்குத்தான் என்று சொன்னார்” என்கிறார்கள் இருவரும். எழுத்தில் எதுவும் இல்லை. அப்பா தனக்கு எதுவும் வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டார். நகை மட்டும் அவர் பீரோவில் இருக்கிறது. அத்தைகள் பேசிக்கொண்டு மூன்று வருடம் ஆகிறது.

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

ஒரு வரியோடு நிறுத்தியது சோம்பல்தான்.

பைபிள் கதையில் அந்தப் பொய்க்காரி, யாருக்கும் வேண்டாம், வெட்டிவிடுங்கள் என்கிறாள். பிள்ளை வேண்டும் என்று வழக்காட வந்தவள் பேசுகிற பேச்சா அது? அவளும் அழுது, “வெட்டாதீர்கள், அவளிடமே கொடுங்கள்” என்று சொல்லியிருந்தால் சாலமோன் என்ன செய்திருப்பார்? அன்று தீர்ப்பு பலித்தது எதிராளியின் மடத்தனத்தால். அடுத்த வழக்குக்கு வருகிறவர்கள் இந்தக் கதையைக் கேட்டுவிட்டுத்தானே வருவார்கள்!

1989இல் ஜேக்கப் கிளேசர், ஆல்பர்ட் மா என்ற இரு பொருளியலாளர்கள் வாள் இல்லாத ஒரு முறையைச் சொன்னார்கள். முதல் பெண்ணிடம் “உன் பிள்ளையா?” என்று கேட்க வேண்டும். இல்லை என்றால் பிள்ளை மற்றவளுக்கு. ஆமாம் என்றால் இரண்டாமவளிடம் அதே கேள்வி. அவள் இல்லை என்றால் பிள்ளை முதலாமவளுக்கு. அவளும் ஆமாம் என்றால் பிள்ளை அவளுக்கே போகும், ஆனால் பெரிய தொகை ஒன்றைக் கட்ட வேண்டும். முதலாமவளுக்குச் சின்ன அபராதம். அந்தப் பெரிய தொகை, பெற்றவள் கொடுக்கத் தயங்காததாகவும் பொய்க்காரிக்குக் கட்டுப்படியாகாததாகவும் இருக்க வேண்டும்.

இப்போது பாருங்கள். முதலில் நிற்பவள் பொய்க்காரி என்றால், பெற்றவள் எப்படியும் ஆமாம் என்பாள், தனக்கு அபராதம்தான் மிச்சம் என்று அவளுக்குத் தெரியும். கேட்டதுமே விலகிக்கொள்வாள். முதலில் நிற்பவள் தாய் என்றால், அவ்வளவு தொகை கொடுத்துப் பிள்ளையை வாங்க மற்றவளுக்கு மனம் வராது. இரண்டு விதத்திலும் பிள்ளை தாயிடம். ஒருவரும் ஒரு காசு கட்டுவதில்லை.

அழகான முறைதான். ஆனால் தாய் பரம ஏழை, பொய்க்காரி பணக்காரி என்றால் கதை தலைகீழ். இந்த முறை கண்டுபிடிப்பது உரிமைக்காரரை அல்ல, அதிகம் கொடுக்கத் துணிகிறவரை. இதைவிட முக்கியமானது இன்னொன்று. ராஜாவுக்கு உண்மை தெரியாவிட்டாலும், சண்டை போடும் இருவருக்கும் தெரியும் என்பதுதான் இதன் அஸ்திவாரம். உங்கள் அத்தைகளுக்குத் தெரியுமா? பாட்டி இருவரிடமும் தனித்தனியாகச் சொல்லியிருக்கலாம். என் பாட்டி ஒரே பித்தளை அண்டாவை மூன்று மருமகள்களுக்கும் வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அப்படியானால் இருவரும் மனதாரத்தான் ஆமாம் என்பார்கள். யாரை இரண்டாவதாகக் கேட்கிறோமோ அவருக்கு நகை போய்விடும்.

யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. இருவர் ஒரே மேலாடையைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். முழுதும் என்னுடையது என்கிறார் ஒவ்வொருவரும். “இதில் பாதிக்குக் குறையாமல் என்னுடையது” என்று இருவரையும் சத்தியம் செய்ய வைத்து, ஆளுக்குப் பாதி கொடுக்கிறார்கள். முழுதும் எனது என்று இருவரும் சத்தியம் செய்தால் ஒன்றாவது பொய்யாகிவிடும். பாதி என்றால் இரண்டுமே மெய்யாக இருக்க இடமுண்டு. ஒருவர் முழுதையும் மற்றவர் பாதியையும் கேட்டால் முக்கால், கால். ஒரு பாதிக்குத்தான் தகராறே இல்லையே, மற்ற பாதியை மட்டும் பிரித்தால் போதும் என்பது கணக்கு. மிஷ்னாவையும் அதன் விளக்கங்களையும் கொண்ட தல்மூதில் மூன்று மனைவியருக்குச் சொத்து பிரிக்கிற ஒரு புதிரான கணக்கு உண்டு. அதற்கும் இதுவே அடிப்படை என்று கேம் தியரி அறிஞர்கள் ராபர்ட் ஆமனும் மைக்கேல் மாஷ்லரும் 1985இல் காட்டினார்கள்.

உங்கள் வீட்டிலும் ஆளுக்குப் பாதிதான். ஆனால் அட்டிகையை வெட்ட முடியாது. உருக்கி விற்றால் செய்கூலி, சேதாரம் எல்லாம் போய்விடும், பாட்டியின் நகையும் போய்விடும். போலந்துக் கணிதவியலாளர் க்னாஸ்டர் சொன்ன முறை இதற்குப் பொருந்தும். இருவரும் தங்களுக்கு அது எத்தனை பெறும் என்று எழுதி உறையில் போட வேண்டும். பெரிய அத்தை 6 லட்சம், சின்ன அத்தை 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நகை பெரியவருக்கு. இரண்டு தொகைகளின் சராசரி 5 லட்சம், அதில் பாதி இரண்டரை லட்சம் சின்னவருக்கு. தன் கணக்குப்படி பாதி என்பது 2 லட்சம் என்று நினைத்தவருக்கு ஐம்பதாயிரம் கூட வருகிறது. பெரியவருக்கும் அப்படியே: 6 லட்சம் பெறும் நகை, கொடுத்தது இரண்டரை, 3 லட்சம் எதிர்பார்த்தவர் கையில் மூன்றரை.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. தங்கை 4 லட்சம்தான் எழுதுவாள் என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டால், அவர் 4 லட்சத்து ஆயிரம் எழுதி, இரண்டு லட்சத்துச் சொச்சத்தோடு முடித்துக்கொள்வார். அதனால் இருவரும் கலந்து பேசாமல் எழுத வேண்டும். மூன்று வருடமாகப் பேச்சில்லை என்கிறீர்களே, இந்த ஒரு காரியத்துக்கு அது வசதி.