போல்ட் இறுகும் வரை தூணை யார் தாங்குவது? இரும்புக் கட்டுமானக் கேள்வி பதில்

கேள்வி (பேலியகொடை): சேர், களஞ்சியசாலைக்கு முதல் இரண்டு தூணும் நிறுத்தியாச்சு. அடியில் நாலு போல்டும் இறுக்கிட்டோம். தூண் சாயாமல் தரையோடு இழுத்துக் கட்டும் இழுகம்பி இல்லாமல் கிரேனை அனுப்பலாமா?

பதில்: அனுப்ப வேண்டாம் தம்பி. பேஸ் பிளேட்டுக்கு (தூணின் அடித்தகடு) கீழே கிரவுட் (இடைவெளியை நிரப்பும் சீமெந்துக் கலவை) போகும் வரை தூண் நிற்பது சிம் தகடுகளிலும் (மட்டம் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடுகள்) அந்த நாலு போல்டிலும்தான். தென்மேல் பருவக்காற்று திடீரென்று ஓங்கி அடித்தால் போல்ட் அடியோடு வளையும். இரண்டு திசையிலும் இழுகம்பி போடுங்கள்.

கம்பியின் சாய்வைக் கவனியுங்கள். பக்கவாட்டு விசை 10 கிலோநியூட்டன் என்றால், தரையோடு 45 பாகையில் கம்பிக்கு வரும் இழுவை 14. இடமில்லை என்று தூணோடு ஒட்டி 60 பாகையில் கட்டினால் 20. கொழும்பில் ஒடுங்கிய காணிகளில் இந்தப் பிழைதான் அதிகம்.

பிரேசிங் (சாயாமல் பிடிக்கும் குறுக்குச் சட்டங்கள்) உள்ள இரு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதியை முதலில் முடித்து, தூக்குக்குண்டு பிடித்து நேராக்கி, போல்ட் எல்லாம் இறுக்கி, கிரவுட்டும் இறுகிய பிறகே கம்பியைக் கழற்றலாம்.

கேள்வி (மட்டக்குளி): கம்பிக் கயிற்றின் முனையை மடித்துப் பிடிக்கும் கிளிப் எந்தப் பக்கம் வர வேணும்?

பதில்: பள்ளமுள்ள அடிக்கட்டை இழுவை தாங்கும் நீளக் கயிற்றில்; யூ வடிவக் கம்பி வெட்டுமுனைப் பக்கம். மாற்றிப் போட்டால் அந்த யூ கம்பியே இழுவைக் கயிற்றை நசுக்கும். 12 மி.மீ. கயிற்றுக்குக் குறைந்தது 3 கிளிப். சுமை ஏறியதும் கயிறு சற்று மெலியும், திரும்ப இறுக்குங்கள்.

கேள்வி (இரத்மலானை): துளை 4 மி.மீ. விலகி நிற்கிறது. காஸ் கட்டரால் பெருப்பிக்கலாம் என்கிறார் பாஸ்.

பதில்: கூடாது. எம்20 போல்டுக்கு (20 மி.மீ. விட்டம்) துளை 22 மி.மீ., இளக்கம் 2 மி.மீ. மட்டுமே. முதலில் தூண் நேராக நிற்கிறதா பாருங்கள். பல தடவை குற்றம் துளையில் இல்லை. உண்மையிலேயே துளைதான் பிழை என்றால் ரீமரால் (துளையைச் சீராகப் பெருப்பிக்கும் கருவி) சீராக்கி எம்24 போடலாம், ஆனால் பொறியியலாளர் ஒப்புக்கொண்ட பிறகு. புதுத் துளையின் மையத்திலிருந்து தகட்டு விளிம்புக்குக் குறைந்தது துளை விட்டமான 26 மி.மீ.இன் 1.2 மடங்கு, அதாவது 31 மி.மீ.க்குச் சற்றுக் கூட இருக்க வேண்டும். காஸால் அறுத்த கரடுமுரடான விளிம்பில் போல்ட் ஒரு புள்ளியில்தான் சாயும்.

கேள்வி (முகத்துவாரம்): முன்னிழுவை போல்ட் (இறுக்கும்போதே குறித்த இழுவை ஏற்றும் போல்ட்). டோர்க் ரெஞ்ச் (முறுக்கு அளவைக் காட்டும் சாவி) சொன்ன அளவில் கிளிக் ஆகிறது. அது போதாதா?

பதில்: கடற்கரையில் திறந்து வைத்த பெட்டியிலிருந்து எடுத்த போல்ட் என்றால் போதாது. எம்20, 8.8 தரத்துக்கு (போல்டின் பலத்தைக் குறிக்கும் எண்) வேண்டிய இழுவை ஏறக்குறைய 137 கிலோநியூட்டன். நாம் கொடுக்கும் முறுக்கில் பத்தில் ஒரு பங்குதான் இழுவையாகும், மிச்சம் உராய்வுக்கு. மரையில் துரு இருந்தால் ரெஞ்ச் கிளிக் சொல்லும், போல்டோ தளர்ந்தே இருக்கும்.

நட்டைக் கையால் சுழற்றிப் பாருங்கள். மரை முடியும் வரை தடையின்றி ஓட வேண்டும். நடுவில் பிடித்தால் ஒதுக்குங்கள். எண்ணெய் பூசிச் சமாளிக்காதீர்கள், உராய்வு குறைந்து இழுவை மிஞ்சிவிடும். அன்றைக்குத் தேவையானதை மட்டும் பெட்டியிலிருந்து எடுங்கள். இறுக்கும்போது இணைப்பின் விறைப்பான நடுப்பகுதியிலிருந்து ஓரம் நோக்கிப் போங்கள், இரண்டு சுற்று. பின்னால் இறுக்குபவை முன்னால் இறுக்கியதைத் தளர்த்தும்.

கேள்வி (வெள்ளவத்தை): நட் கழராமல் இருக்க ஒரு பொட்டு வெல்டிங் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். 8.8 போல்டின் பலம் சூடேற்றிப் பதப்படுத்தியதால் வந்தது. வெல்டிங் சூடு அதையே கெடுக்கும். பூட்டு நட் போடுங்கள்.