ஆக்சிஜன் 98 இருக்கும்போது கார்பன் டை ஆக்சைடு மானிட்டர் எதற்கு?

தக்கலை வாசகி ஒருவரின் கேள்வி: நிமோனியாவால் அப்பா நாகர்கோவிலில் ஐசியூவில் வென்டிலேட்டரில் இருக்கிறார். விரல் கிளிப்பில் ஆக்சிஜன் 98. ஆனாலும் மூச்சுக்குழாயில் கேப்னோகிராஃபி என்று ஒரு சென்சார் மாட்டியிருக்கிறார்கள். அதில் 30 காட்டுகிறது. பயப்பட வேண்டுமா? திருவனந்தபுரம் கொண்டுபோகும்போது ஆம்புலன்சிலும் இது வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். வழியில்தான் அதன் தேவை இன்னும் அதிகம்.

தொண்டைக்குள் செலுத்தி வென்டிலேட்டரோடு இணைத்திருக்கும் மூச்சுக்குழாய் நழுவிவிட்டாலும், ரத்தத்திலும் நுரையீரலிலும் மிச்சமிருக்கும் ஆக்சிஜனால் விரல் கிளிப் சில நிமிடங்கள்கூட நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். கேப்னோகிராஃபி அப்படியல்ல. வெளிவிடும் ஒவ்வொரு மூச்சிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடை அளந்து திரையில் அலையாகக் காட்டுவதால், நாலைந்து மூச்சுக்குள் அலை படுத்துவிடும். ஐசியூவில் மூச்சுக்குழாய்ச் சிக்கலால் நேர்ந்த மரணங்களை ஆராய்ந்த பிரிட்டன் அறிக்கை ஒன்று 2011இல் வந்தது. அவற்றில் 70 சதவீதத்துக்கும் மேல், இந்தக் கருவி இல்லாததோ சரியாகப் பயன்படுத்தாததோ ஒரு காரணம் என்றது அது. எனக்கு இதைவிட வலுவான வாதம் தேவையில்லை.

இனி அந்த 30. வழக்கமான அளவு 35 முதல் 45 மி.மீ. பாதரசம். ஆரோக்கியமானவருக்கு ரத்தத்தில் உள்ளதைவிட மூச்சில் 2 முதல் 5 வரை குறைவாகக் காட்டும். நுரையீரல் பாதித்தால் இடைவெளி இன்னும் கூடும். ஆக, 30ஐ மட்டும் பார்த்துக் கலங்காதீர்கள். "ஏபிஜியில் (தமனி ரத்தத்தில் வாயுக்களை அளக்கும் பரிசோதனை) எவ்வளவு டாக்டர்?" என்று கேளுங்கள். திடீரென்று இறங்கினால்தான் விஷயம் அவசரம்: குழாய் கழன்றிருக்கலாம், பிரஷர் விழுந்திருக்கலாம், நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம்.

அலையின் வடிவமும் பேசும். மேலே தட்டையாக இருக்க வேண்டியது, குளச்சலில் கரையேறும் சுறாவின் துடுப்புபோலச் சரிந்து ஏறினால், நுரையீரலுக்குள் இருக்கும் மூச்சுக்குழல்கள் சுருங்கியிருக்கின்றன என்று சந்தேகிப்போம்.

நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் சுமார் 70 கிலோமீட்டர். குழாய் நழுவும் ஆபத்து கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போதே தொடங்கிவிடுகிறது. ஓடும் வண்டி இரைச்சலில் ஸ்டெதாஸ்கோப் பெரிதாக உதவாது. வெளியே 'ஐசியூ ஆம்புலன்ஸ்' என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, "உங்கள் மானிட்டரில் கேப்னோகிராஃபி அலை வருமா?" என்று முன்பதிவின்போதே கேளுங்கள். அப்பாவை உள்ளே ஏற்றியபின் அலை ஓடுவதை உடன்வரும் டாக்டர் பார்த்த பிறகே வண்டி கிளம்பட்டும். மூச்சுக்காற்றை மானிட்டருக்கு மாதிரி எடுக்கும் சிறு குழாயில் நீரோ சளியோ அடைத்தாலும் அலை மழுங்கும் என்பதால் மாற்றுக் குழாய் ஒன்று கையிருப்பில் இருக்கட்டும். ஆனால் அலை மறைந்துவிட்டால், மெஷின் கோளாறு என்று நினைக்குமுன் மூச்சுக்குழாயைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.