ஆங்கிலத்தில் 'லீஃப்' பன்மையில் ஏன் 'லீவ்ஸ்' ஆகிறது? தேயிலைத் தொழிலில் மட்டும் ஏன் ஒருமையிலேயே 'கிரீன் லீஃப்' என்கிறார்கள்?

இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஹட்டன் பக்கத்தில் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தக் கேள்வி ஒவ்வொரு வருடமும் வரும், எனக்குப் பிடித்த கேள்வியும்கூட.

இரண்டாவது பாதியை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் அதற்குப் பதில் லயத்திலேயே, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலேயே இருக்கிறது. அம்மா மலையிலிருந்து வந்ததும் "இன்னைக்கு எத்தனை கிலோ கொழுந்து?" என்றுதான் கேட்போம். "எத்தனை கொழுந்துகள்" என்று யாரும் கேட்டதில்லை. கூடையில் விழுந்தபின் கொழுந்து, அரிசி மாதிரி நிறுக்கிற பொருளாகிவிடுகிறது. ஆங்கிலமும் அப்படித்தான் பார்க்கிறது. ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறத்தாழ 4½ கிலோ கிரீன் லீஃப் வேண்டும் என்று சொல்லும்போது அங்கே லீவ்ஸ் வராது. ஆனால் செடியில் கிள்ளும்போது எண்ணுகிறோம் இல்லையா? அப்போது 'டூ லீவ்ஸ் அண்ட் எ பட்'. தமிழில் எண் முன்னால் வந்தாலே போதும், 'இரண்டு இலை' என்று விட்டுவிடலாம். ஆங்கிலம் விடாது. பிள்ளைகள் 'டூ லீஃப்' என்று எழுதினால் நான் கவனக்குறைவு என்று திட்டுவதில்லை. அது தமிழ்ப் பழக்கம், காரணம் சொன்னால் திருத்திக்கொள்வார்கள்.

சரி, எஃப் எப்படி வி ஆனது? 'காகம்' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் 'க' அழுத்தமாக வருகிறது. நடுவில் உள்ள 'க' இரண்டு உயிரோசைக்கு இடையில் மாட்டி மென்மையாகிவிடுகிறது. எழுத்து ஒன்றே என்பதால் நாம் கவனிப்பதில்லை. பழைய ஆங்கிலத்திலும் உயிரோசைகளுக்கு நடுவே வந்த எஃப் இதேபோல மென்மையாகி வி என்று ஒலித்தது. பன்மை விகுதி ஒரு காலத்தில் 'எஸ்' என்று உயிரோசையோடு முழுதாக ஒலித்ததால் லீஃப் அங்கே 'லேவெஸ்' போலக் கேட்டது. பிறகு அந்த உயிரோசை மறைந்தது, வி மட்டும் தங்கிவிட்டது. நைஃப், வைஃப், லைஃப், ஷெல்ஃப் எல்லாம் இந்தக் குடும்பம்தான். 'சீஃப்' பிரெஞ்சிலிருந்து வந்த சொல், அதனால் சீஃப்ஸ். 'ரூஃப்' இன்று ரூஃப்ஸ் என்றே எழுதப்படுகிறது; அதை மனப்பாடம் செய்வதுதான் வழி.

'லீஃபி', 'லீஃப்லெஸ்' பிற்காலத்தில் ஒருமைச் சொல்லோடு ஒட்டி உருவானவை, எஃப் மாறாது. புத்தகத்தைப் புரட்டுவதும் 'லீஃப் த்ரூ'தான். புத்தகத்தில் ஒரு லீஃப் என்றால் ஒரு தாள், அதாவது இரண்டு பக்கம். நம் ஓலைச்சுவடியின் 'ஏடு' சரியாக அதே பொருள்.

கடைசியாக ஒன்று. விடுமுறை என்னும் 'லீவ்' வேறு சொல். அனுமதி என்ற பழைய பொருளிலிருந்து வந்தது. 'இரண்டு லீவு போட்டேன்' என்பதை அப்படியே 'டூ லீவ்ஸ்' என்று விண்ணப்பத்தில் எழுதிவிடுகிறார்கள், வாசிப்பவருக்கு இரண்டு இலை ஞாபகம் வரும். 'டூ டேய்ஸ் லீவ்' என்று எழுதுங்கள். டேய்ஸ் என்பதற்குப் பின்னால் மேற்குறி (அப்பாஸ்ட்ரஃபி) ஒன்று போட மறக்காதீர்கள்.