சீட்டு மட்டும் ஆடுவானாம்

அன்புள்ள சார்,

தென்காசிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் நான். இரண்டு வருடமாகக் கழுத்து தானாக வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. சுளுக்கு என்று நீவிவிட்டார்கள். குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டோம். ஒரு டாக்டர் டென்ஷன் என்று தூக்க மாத்திரை எழுதினார். கடைசியில் மதுரையில் நரம்பு டாக்டர் 'செர்விகல் டிஸ்டோனியா' என்றார், கழுத்துத் தசைகள் தாமாக இறுகி இழுக்கும் நோயாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடாக்ஸ் ஊசி. தாடையில் விரல் வைத்தால் கழுத்து நேராகிவிடும். அதைப் பார்த்து மாமியார் நடிப்பு என்கிறார். நாத்தனார் வீட்டுக்காரர் அது விஷ ஊசி என்றதால் இந்த முறை போகவில்லை. ஒருவேளை என் மனசுதான் பலவீனமோ? வகுப்பில் பிள்ளைகள் என்னைப் போலவே கழுத்தைத் திருப்பிக் காட்டுகிறார்கள். அவர்களிடம் நோயைச் சொல்லலாமா? வர்மம் பார்க்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும், அப்புறம் பின்னக் கணக்குக்குப் போய்விடலாம். எந்த டீச்சரைத்தான் அவர்கள் நடித்துக் காட்டவில்லை? வர்மம் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. கழுத்தை யாரிடமாவது கொடுப்பதற்கு முன் மதுரை டாக்டரைக் கேளுங்கள்.

'என் மனசுதான் பலவீனமோ' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்காகத்தான் இந்தப் பதில். போன மாதம் ஊர் வீட்டைக் காலி செய்தபோது சித்தப்பாவின் பத்திர நகல்கள் கிடைத்தன. அவர் பத்திர எழுத்தர். 'நான்கெல்லைக்குட்பட்ட' என்று எழுதினால் அச்செழுத்து தோற்கும். நாற்பது வயதுக்குமேல் பேனா தாளைத் தொட்டதும் விரல்கள் இறுகி, மணிக்கட்டு மடங்கத் தொடங்கியது. பேனாவை வைத்துவிட்டால் சரியாகிவிடும். அதே கையால் சவரம் செய்வார், சட்டைப் பொத்தான் போடுவார், திண்ணையில் ரம்மி ஆடுவார். ஊர் விடுமா? 'எழுத மட்டும் வராதாம், சீட்டு மட்டும் ஆடுவானாம்.' சித்தியே அதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நகல்களில் பாதிக்குமேல் இடக்கை எழுத்து, கோணல்மாணலாக. சோம்பேறி எதற்கு இடக்கையால் எழுதிப் பழக வேண்டும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

இதுவும் டிஸ்டோனியாதான். ஒரு குறிப்பிட்ட வேலையின்போது மட்டும் வரும் வகை. எழுத்தர்களின் கை ஓய்ந்துபோவதை இத்தாலிய மருத்துவர் ரமாஸ்ஸினி 1713இலேயே எழுதிவிட்டார். அமெரிக்கப் பியானோ கலைஞர் லியோன் ஃபிளைஷருக்கு 1960களில் வலக்கையின் கடைசி இரண்டு விரல்களும் சுருண்டுகொண்டன. இடக்கைக்கென்று எழுதப்பட்ட இசையை வாசித்தே முப்பது ஆண்டுகள் ஓட்டினார். 1990களில் அவரை இரு கைக்கும் திருப்பிக் கொண்டுவந்ததில் உங்கள் போடாக்ஸ் ஊசிக்கும் பங்கு உண்டு.

உங்கள் மாமியார் தனியாள் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸில் எடுவார் பிரிஸோ என்ற பெரிய மருத்துவர் இதையேதான் சொன்னார். விரல் பட்டதும் கழுத்து நேராகிறதே, அப்படியானால் கோளாறு மனதில்தான் என்றார். 1976இல் லண்டனில் டேவிட் மார்ஸ்டன், கழுத்து கோணுவது, இமை இறுகுவது, எழுதும் கை முறுக்குவது எல்லாம் ஒரே உடல் நோயின் வகைகள் என்று எடுத்துவைக்கும் வரை அந்தப் பேச்சு ஓடியது. மூளையின் ஆழத்தில் அசைவுகளை ஒழுங்குசெய்யும் பகுதிகளில் பிசகு. ஒரு தசை இழுக்கும்போது தளர வேண்டிய எதிர்த் தசையும் சேர்ந்து இழுக்கிறது. விரல் தொடும்போது போகும் உணர்வு அந்தப் பிசகைச் சற்று நேரம் திருத்துகிறது. சிலருக்குக் கை முகத்தை நெருங்கினாலே போதும். மருத்துவர்கள் இந்த நோயை அடையாளம் காண உதவும் தடயங்களில் இதுவும் ஒன்று. உங்கள் வீட்டில் எதை நடிப்புக்குச் சாட்சி என்கிறார்களோ, அதுதான் நோய்க்குச் சாட்சி.

பதற்றத்தில் அதிகமாகிறது என்பார்கள். ஆகும். ரத்த அழுத்தமும்தான் பதற்றத்தில் ஏறுகிறது, யாராவது அதை நடிப்பு என்கிறார்களா? முன்பு பேய் என்றோம், இப்போது டென்ஷன் என்கிறோம். டென்ஷன் என்றால் குற்றவாளி நோயாளிதான். பேயாவது வெளியிலிருந்து வந்தது, பாவம், பேய் பிடித்தவளைக் குறைசொல்ல மாட்டார்கள்.

மாமியார் சொல்வதை விடுங்கள். கணக்கு டீச்சர் நீங்கள், நிரூபணம் இல்லாமல் ஒரு விடையை எப்படி ஒப்புக்கொண்டீர்கள்? அதுவும் உங்களுக்கு எதிரான விடையை? எனக்குக் கோபம் அங்கேதான். கடிதத்தில் மூன்று இடத்தில் மன்னிப்புக் கேட்டிருந்தீர்கள், வெட்டிவிட்டேன்.

ஊசி விஷமா? விஷம்தான். ஒரு பாக்டீரியாவின் நஞ்சு. மிகச் சிறிய அளவில், இழுக்கும் தசைக்கு நரம்பு அனுப்பும் உத்தரவைத் தடுக்கிறது. அமெரிக்காவில் இமை இறுக்கத்துக்கு 1989இலும் கழுத்துக்கு 2000இலும் அனுமதி கொடுத்தார்கள். சில நாளில் வேலைசெய்யத் தொடங்கி, மூன்று மாதவாக்கில் தேய்ந்துவிடும். அதன் இயல்பே அதுதான், மருந்து தோற்றதாக எண்ண வேண்டாம். போட்டபின் விழுங்கச் சிரமம் இருந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

நாத்தனார் வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை, எனக்கும் தெரிய வேண்டாம். மதுரைக்கு எப்போது போகிறீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள்.