தண்டனை பெற்றவர் பதவிக்கு வரலாமா?

கேள்வி: அமெரிக்காவில் 34 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்ப்பான டிரம்ப், அதே ஆண்டில் ஜனாதிபதி தேர்தலில் ஜெயிக்கிறார். ஃபெலனி எனப்படும் பெருங்குற்றத்தில் தண்டனை பெற்ற யாருமே எந்தப் பதவிக்கும் வரக்கூடாது என்று அங்கே சட்டம் போட்டால் என்ன?

பதில்: வேண்டாம். உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அந்தச் சட்டம் யார் தலையில் விழும் என்று பாருங்கள்.

1918-ல் சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸ், ஒஹையோ மாநிலத்தில் ஒரு கூட்டத்தில் முதல் உலகப் போரை எதிர்த்துப் பேசினார். பேசினார், அவ்வளவுதான். 10 ஆண்டு சிறை. 1920-ல் அட்லாண்டா சிறையில் இருந்தபடியே ஜனாதிபதி தேர்தலில் நின்றார். 9 லட்சத்துக்கும் அதிகமானோர் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள். நீங்கள் கேட்கும் சட்டம் அன்று இருந்திருந்தால் அவரால் நின்றிருக்கவே முடியாது. எது குற்றம் என்று சட்டம் எழுதுவது ஆட்சியில் இருப்பவர்கள். ஒரு தீர்ப்பு வாங்கினால் எதிராளியை ஒரேயடியாக ஒழித்துவிடலாம் என்று ஆனால், அதற்கு அலைகிறவர்கள் எந்தக் கட்சியிலும் இருப்பார்கள்.

டிரம்ப் விஷயத்துக்கு வருகிறேன். ஜனாதிபதிக்கு அரசியல் சட்டம் கேட்பது பிறப்பால் குடியுரிமை, 35 வயது, நாட்டில் 14 ஆண்டு வாசம். தீர்ப்பு வந்தது மே மாதம், ஓட்டு நவம்பரில். மக்கள் தெரிந்தேதான் போட்டார்கள். உங்களுக்கு அது பிடிக்காமல் இருக்கலாம். அதற்காக அந்த முடிவை அவர்கள் கையிலிருந்து பிடுங்க முடியுமா?

இதே அமெரிக்காவில் சாதாரண ஆட்களின் கதை வேறு. டெக்சாஸில் தண்டனையை முழுசாக முடித்தவர் ஓட்டுப் போடலாம்; மாநிலப் பதவி எதற்கும் நிற்க வேண்டுமென்றால், மன்னிப்போ, அந்தத் தடையிலிருந்து நீதிமன்ற விடுவிப்போ வாங்கி வர வேண்டும். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். வாஷிங்டன் மாநிலத்தில் டாரா சிம்மன்ஸ் என்பவர் சிறைக்குப் போய்வந்து, சட்டம் படித்து வழக்கறிஞரானார். 2020-ல் மாநில சட்டமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். சிறையிலிருந்து வெளியே வருபவர் வேலைக்கும் வீட்டுக்கும் படும் பாடு, சட்டம் எழுதும் அறையில் இருக்கும் எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, எல்லோரையும் விட்டுவிடலாமா என்றால், இல்லை. பதவியில் இருந்து லஞ்சம் வாங்கியவர், ஓட்டைத் திருடியவர் – இவர்களைத் தடுக்கத்தான் வேண்டும். அவர்கள் கெடுத்தது அந்தப் பதவியையே. அரசியல் சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் போகிறது: பதவிநீக்க விசாரணையில் குற்றவாளி என்று முடிவானவரை, இனி எந்தப் பதவிக்கும் வரவிடாமல் நாடாளுமன்ற மேலவையான செனட் தடுக்கலாம். மற்றவர்களுக்கு, வேட்புமனுவிலேயே தண்டனை விவரத்தை எழுத வையுங்கள். படித்துப் பார்த்து வாக்காளர் முடிவு செய்யட்டும்.