அமுச்சி பீரோவை இழைக்க விடாதீர்கள்

கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "எங்கள் அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) வீட்டை இடிக்கப் போகிறோம். அமுச்சிக்குச் சீராக வந்த ரெட்டைக் கதவு மர பீரோ ஒன்று அங்கே இருக்கிறது. 7 அடி உயரம், 4 அடி அகலம், ஒரு கதவில் ஆளுயரக் கண்ணாடி. கோவையில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கொண்டுவர ஆசை. ஆனால் அடியில் தூள் கொட்டுகிறது, இழுப்பறை பாதியில் சிக்கிக்கொள்கிறது. ஆசாரி, முழுக்க இழைத்து பியூ (பாலியூரித்தேன்) பாலிஷ் போட்டால் புதுசாகிவிடும் என்கிறார். பழைய சாமான் வாங்குகிறவர் 9,000 ரூபாய்க்குக் கேட்கிறார். என்ன செய்யட்டுங்க?"

எடுத்து வந்துவிடுங்கள். இழைக்க மட்டும் விடாதீர்கள். தூள் கொட்டுவதை நிறுத்த வழி இருக்கிறது. சீவித் தள்ளிய மேல்தோலைத் திரும்பக் கொண்டுவர வழியே கிடையாது.

முதலில் அந்த 9,000 ரூபாய்க் கணக்கு. மரம் கன அடியில் விலை போகிற சரக்கு. நீங்கள் சொன்ன அளவுக்கு, ஆழம் 2 அடி என்று வைத்து, முக்கால் அங்குலமும் ஒரு அங்குலமுமாகப் பலகை போட்டிருந்தால் 8 முதல் 9 கன அடி மரம் அதில் நிற்கும். ஏதாவது ஒரு மர டிப்போவில் பழைய தேக்கு கன அடி என்ன விலை என்று கேட்டுப் பெருக்கிப் பாருங்கள். அவர் கண்ணாடியையும் பித்தளைக் கைப்பிடியையும் விடுங்கள், பாதி மரத்தைக்கூடக் கணக்கில் சேர்க்கவில்லை என்பது தெரிந்துவிடும்.

முழுக்கத் தேக்குதானா என்பது வேறு சங்கதி. நான் பிரித்துப் பார்த்த பழைய பீரோக்கள் பலவற்றில் கதவும் முகப்பும் தேக்கு, முதுகுப் பலகையும் உள்தட்டும் மா, வாகை என்று கலந்துதான் இருந்தன. கண்ணுக்குப் படாத அடிப்பக்கத்தில் கத்தியால் லேசாகச் சுரண்டுங்கள். தேக்கென்றால் பொன்னிறம் கலந்த பழுப்பு, தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கு, பதப்படுத்திய தோலை முகர்ந்ததுபோல ஒரு வாசம். ஈட்டி மரம் (ரோஸ்வுட்) என்றால் ஊதாவும் கறுப்புமாக ரேகை ஓடும், எடையும் கூடுதல். ஆனைமலைத் தேக்கு நமக்கு அண்டைவீட்டுச் சரக்கு. வெட்டிய கட்டைகளை மலையிலிருந்து கீழே சரித்துவிட்ட இடம் என்பதால்தான் அந்த மலையிலுள்ள டாப்ஸ்லிப்புக்கு அந்தப் பெயரே வந்தது.

இனி தூள். கொஞ்சம் எடுத்து இரு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். கோதுமை மாவு போல மெத்தென்று இருந்தால் மரத்தை உளுக்க வைக்கும் வண்டு. பலகையில் குண்டூசித் தலை அளவுக்குத் துளைகளும் தெரியும். கசகசா போலக் குருணையாக உருண்டால் காய்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் கரையான். காலோரம் மண் கோடு ஏறியிருந்தால் அது தரையிலிருந்து வரும் கரையான், அதற்கு பீரோவைவிட வீட்டுக்குத்தான் வைத்தியம் வேண்டும். நீங்களோ வீட்டையே இடிக்கப் போகிறீர்கள், எனவே மண்ணைத் துடைத்துவிட்டுக் கிளம்பலாம்.

மாவுத்தூள் என்று வைத்துக்கொள்வோம், பெரும்பாலும் அதுதான். இந்த வண்டுக்கு வேண்டியது மாவுச்சத்து. அது வெளிறு என்கிற வெளிக்கட்டையில்தான் இருக்கும். வைரம் பாய்ந்த தேக்கை அது தொடுவதில்லை. அதனால் தூள் கொட்டுகிறதே என்று பீரோ முழுக்க உளுத்துப்போனதாக நினைக்க வேண்டாம். இருக்கிற துளைகளைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போடுங்கள், அடியில் ஒரு கறுப்புத் தாளை விரியுங்கள், ஒரு மாதம் விடுங்கள். புதுத் துளையும் புதுத் தூளும் இல்லையென்றால் உள்ளே இருந்தது எப்போதோ செத்துப்போன பூச்சி. தட்டியபோது பழைய தூள்தான் உதிர்கிறது. புதிதாக விழுந்தால், அந்தப் பலகையில் பாலிஷ் படாத பக்கமாகப் பார்த்து போரிக் ஆசிட்டும் வெங்காரமும் (போராக்ஸ்) வெந்நீரில் கரைத்துத் தூரிகையால் இரண்டு மூன்று முறை பூசிக் காயவிடுங்கள். பாலிஷ் இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்காது. ஊசி வைத்து மண்ணெண்ணெய் ஏற்றுகிற பழக்கம் நம் பக்கம் உண்டு. துணி வைக்கிற இடத்தில் அந்த நாற்றமும் வேண்டாம், நெருப்புப் பயமும் வேண்டாம். பலகை விரலால் அழுத்தினாலே நொறுங்குகிற நிலை என்றால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சித்திரை வெயிலில் போட்டுவைத்தால் பூச்சி சாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதற்கு முன்னால் கதவு கோணிக்கொள்ளும்.

பாலிஷ் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்து மெருகு பெரும்பாலும் அரக்கு, ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பந்தால் நூறு தடவை தேய்த்து ஏற்றியது. மறைவான ஒரு மூலையில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். அரை நிமிடத்தில் பிசுபிசுத்தால் அரக்கு. இதன் அருமை என்னவென்றால், புதிதாகப் பூசும் அரக்கு பழையதைக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். சுரண்டவே தேவையில்லை. பியூ அப்படிக் கலக்காது, பிளாஸ்டிக் உறை போல மேலே மூடிக்கொள்ளும். பிற்பாடு ஒரு கீறல் விழுந்தால் அத்தனையையும் உரித்தாக வேண்டும். தொழில் பழகிய புதிதில் ஒரு எழுத்து மேசையை இழைத்து மெலமைன் என்கிற பளபளப்புப் பூச்சு அடித்துக் கொடுத்தேன். பளபளவென்றுதான் இருந்தது. வீட்டுப் பெரியவர் தடவிப் பார்த்துவிட்டு, "இது நம்ம மேசைதானாப்பா?" என்றார். அதற்கு எனக்குப் பதில் வரவில்லை.

உங்கள் பீரோவுக்கு, பிழிந்த ஈரத்துணியால் அழுக்கெடுத்து, எண்ணெய்ப் பிசுக்குக்கு டர்பன்டைன் தொட்டுத் துடைத்து, காய்ந்தபின் ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 கிராம் அரக்குச் செதில் கரைத்து நாலைந்து கை ஓட்டினால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் செய்யாதீர்கள், ஈரக்காற்றில் அரக்கு வெளுத்துவிடும். தையிலிருந்து பங்குனிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். உள்ளே பழைய எனாமல் பெயின்ட் அடித்திருந்தால் உப்புத்தாள் போடவே கூடாது. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட் தூளில் ஈயம் இருக்கலாம், குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு ஆகாது.

கண்ணாடியில் ரசம் போன புள்ளிகள் இருந்தால் இருக்கட்டும். இழுப்பறை மழைக்காலத்தில் மட்டும் சிக்குகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் மரம் உப்பியிருக்கிறது, அவ்வளவுதான். ஐப்பசியில் சீவினால் பங்குனியில் லொடலொடக்கும். ஓடுகிற விளிம்பில் மெழுகுவத்தியைத் தேய்த்தால் ஓடும்.

ஏற்றி வருவதற்கு முன் அளவு டேப்பை எடுங்கள். இந்த மாதிரி பீரோக்களில் தலைமுகப்பும் அடிப்பீடமும் பெரும்பாலும் தனித்தனியாகக் கழன்று வரும். மூங்கில் ஆணியோ ஆப்போ இருந்தால் சுத்தியலால் அடிக்காமல் தட்டி எடுக்கச் சொல்லுங்கள். கதவுகளைக் கழற்றி, கண்ணாடிக் கதவை நிறுத்தியபடியே கொண்டு வர வேண்டும், படுக்கப்போடக் கூடாது. இன்னொன்று: படுத்த பீரோவை அறைக்குள் நிமிர்த்தும்போது அதன் மூலைக்கு மூலை அளவு மேலே இடிக்கும். 7 அடிக்கு 2 அடி என்றால் அது 7 அடி 3½ அங்குலம். கூரை இடிக்காது, ஆனால் 7 அடியில் நீட்டிக்கொண்டிருக்கிற லாஃப்ட் இடிக்கும். லாஃப்டுக்கு வெளியே நிமிர்த்தி, உயரம் இடம் கொடுத்தால் உள்ளே தள்ளுங்கள்.

வைக்கும் இடத்தில் மழைச்சாரல் அடிக்கிற வெளிச்சுவர் வேண்டாம், ஏசியின் காற்று நேரே படவும் வேண்டாம், முதுகுக்கும் சுவருக்கும் இரண்டு அங்குலம் விடுங்கள். கண்ணாடிக் கதவு கனமானது. இரண்டு கதவையும் ஒருசேரத் திறந்தால் காலி பீரோ முன்னால் சாயக்கூடும். வீட்டில் ஏறி விளையாடுகிற பிள்ளைகள் இருந்தால், சாமான் அடுக்குவதற்கு முன்பே தலைப்பலகையின் பின்புறத்திலிருந்து சுவருக்கு இரண்டு எல் கிளாம்ப் அடித்துவிடுங்கள்.