வாசகர் கேள்வி – பதில்: அட்டையும் நாற்காலியும்

கே: அமெரிக்காவில் நூலகத்தில் உட்கார்ந்து படித்ததற்காகக் கறுப்பினத்தவரைக் கைது செய்தார்களாமே, நிஜமா?
– வாசகர், காரைக்குடி

ப: நிஜம்தான். 1939 ஆகஸ்ட் 21 அன்று, வர்ஜீனியா மாநிலத்து அலெக்ஸாண்ட்ரியாவில் ஐந்து இளைஞர்கள் ஒவ்வொருவராக நூலகத்துக்குள் போய் உறுப்பினர் அட்டை கேட்டார்கள். இல்லை என்றதும் ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு, தனித்தனி மேசையில் உட்கார்ந்து வாய் திறக்காமல் படித்தார்கள். வழக்கறிஞர் சாமுவேல் டக்கரின் யோசனை அது. சேர்ந்து உட்கார்ந்து பேசினால் 'கலாட்டா' என்று சொல்லிவிடலாம் அல்லவா? அப்படியும் ஒழுங்கீனம் என்றுதான் கைது செய்தார்கள். மறு ஆண்டு கறுப்பினத்தவருக்கென்று தனி நூலகம் திறந்தது நகர நிர்வாகம். அதன் அட்டை வேண்டாமென்று டக்கர் எழுதியே கொடுத்துவிட்டார்.

லூசியானாவின் கிளின்டனில் 1964 வரைகூட நடமாடும் நூலக வண்டி வெள்ளையருக்குச் சிவப்பு, கறுப்பினத்தவருக்கு நீலம். அவர்கள் அட்டையில் இனத்தை முத்திரையாகவே குத்தினார்கள். அங்கே நூலகத்தை விட்டு வெளியேற மறுத்துக் கைதான ஐவரின் வழக்கில் 1966-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தண்டனையை ரத்து செய்தது.

வர்ஜீனியாவிலேயே டான்வில் நகரத்துக் கதை இன்னும் விசித்திரம். 1960-இல் நூலகத்தைக் கறுப்பினத்தவருக்கும் திறந்துவிடச் சொன்னது நீதிமன்றம். முதலில் நூலகத்தையே மூடினார்கள். பிறகு திறந்தார்கள், நாற்காலிகளை எடுத்துவிட்டு! சேர்ந்து உட்கார வேண்டாமாம்.

கே: எங்கள் ஊரில் பழைய வீட்டு முகப்பில் வாசகசாலை தொடங்குகிறோம். 'அனைவரும் வரலாம்' என்று பலகை வைத்தால் போதாதா?
– வாசகர், தேவகோட்டை

ப: போதாது. ஆளைத் தடுப்பது பலகை இல்லை, படிவம். ஜாமீன் கையெழுத்துக் கேட்டால் ஊரில் பெரிய மனிதரைத் தெரியாதவர் அன்றோடு திரும்பிவிடுவார். ரேஷன் அட்டை நகல் போதும். காப்புத்தொகை அவசியமென்றால் இரண்டு மூன்று தவணையாக வாங்குங்கள். பணம் கட்டி முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்து படிக்கட்டும்.

முகப்பில் ஒரு சிக்கல் உண்டு. 'அது இன்னார் வீடு' என்று சிலர் படியேறவே தயங்குவார்கள், காரணம் உங்களுக்கே தெரியும். தெருவிலிருந்து நேரே நுழையும் தனி வாசல் இருந்தால் அதைத் திறந்துவிடுங்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி நாற்காலி, ஒரே பானைத் தண்ணீர், ஒரே தம்ளர். பெஞ்சு ஒரு பக்கம், நாற்காலி ஒரு பக்கம் என்று போட்டால் யார் எதில் உட்கார்வது என்பது ஒரு வாரத்தில் தானாகவே முடிவாகிவிடும்.

கேட்டு இல்லாத புத்தகங்களுக்கு ஒரு நோட்டு வையுங்கள்: தேதி, நூலின் பெயர், கேட்டவர், நூல் வந்த தேதி. கடைசிக் கட்டம் யார் யாருக்குக் காலியாகவே கிடக்கிறது என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.